கணக்கைப் படிக்கும் முறை

'ஓர் எண்ணிலிருந்து ஐந்தைக் கழிக்க'. 'ஐந்திலிருந்து ஓர் எண்ணைக் கழிக்க'. இவ்விரு தொடர்களிலும் அமைந்துள்ள சொற்கள் ஒன்றே. எண், ஐந்து, கழித்தல் ஆகிய மூன்றையன்றி வேறு யாதும் இவற்றில் இல்லை. ஆயினும் பொருள் வேறு. அவ்வெண் எட்டு என்று கொண்டால், முதல் தொடர் மூன்றை மிச்சமாகத் தரும். இரண்டாம் தொடரோ மூன்றைக் கடனாகத் தரும். மிச்சத்தைக் கடனாக்கியவை இரண்டு சிறிய உருபுகளே. நீங்கற்பொருளைத் தரும் ஐந்தாம் வேற்றுமை எச்சொல்லைச் சார்ந்து நின்றது, செயப்படுபொருளைக் காட்டும் ஐகார உருபு எச்சொல்லைச் சார்ந்து நின்றது என்று நோக்கிய மாணவனே இக்கணக்கைப் பிழையின்றி எழுதுவான்.

'எனக்குக் கணக்கு வராது' என்று சொல்லிக்கொள்ளும் மாணவர் பலர். அவருள் பெரும்பாலோர்க்குக் கூட்டலும் பெருக்கலும் நன்றாகவே தெரியும். இயற்கணிதத்தில் எண்களை மட்டும் கொடுத்துச் செய்யச் சொன்னால் தயங்காமல் செய்வர். அவையே நான்கு வரி வாக்கியமாக வந்துவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்துவிடுவர். ஆகவே, அவர் அஞ்சுவது கணக்கை அன்று; அக்கணக்கு எழுதப்பட்டுள்ள வாக்கியத்தையே. தமிழ் வகுப்பில் எழுவாயையும் பயனிலையையும் பிழையின்றிக் காட்டும் அதே மாணவன், கணக்கு வகுப்பின் வாயிலிலேயே அத்திறமையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே செல்கின்றான். எண்களை மட்டும் கண்ணால் பொறுக்கி எடுத்து, ஏதேனும் ஒரு முறையில் அவற்றைச் சேர்த்துப் பார்க்கின்றான். விடை வாராதபோது தன் அறிவின் மீதே பழி போடுகின்றான். இது பெரிதும் வருந்தத்தக்கது. ஏனெனில், குறை அவன் அறிவில் இல்லை, படித்த முறையில் உள்ளது.

இன்னும் இரு தொடர்களைக் காண்போம். 'ஓர் எண்ணின் இருமடங்கோடு ஐந்தைக் கூட்டுக' என்பது ஒன்று. 'ஓர் எண்ணோடு ஐந்தைக் கூட்டி, வந்ததை இருமடங்காக்குக' என்பது மற்றொன்று. எண் பத்தாயின், முன்னதன் விடை 25. பின்னதன் விடை 30. பின்னதில் 'கூட்டி' என்னும் வினையெச்சம் வந்துள்ளது. எச்சவினை முன்னர் முடிய, முற்றுவினை பின்னர் நிகழும் என்பதை இலக்கணம் பயின்றோர் அறிவர். அம்முறையைக் கணிதத்தில் காட்டுவதற்கென்றே அடைப்புக்குறி அமைந்தது. அடைப்புக்குள் இருப்பது வினையெச்சம்; வெளியே நிற்பது வினைமுற்று. இதனை மனத்திற் கொண்டவர் அடைப்பை எங்கே இடுவது என்று பிறரைக் கேட்க வேண்டுவதில்லை.

முற்காலத்தில் நம் நாட்டில் கணக்குகள் பலவும் செய்யுள் வடிவிலேயே அமைந்திருந்தன. காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் என்னும் தமிழ் நூல் செய்யுளால் ஆயது. பாஸ்கராசாரியர் 1150 ஆம் ஆண்டில் வடமொழியில் முடித்த லீலாவதியும் அவ்வாறே. அந்நூல்களைக் கற்றோர் முதலிற் செய்யுளைப் பதம் பிரித்து, கொண்டுகூட்டிப் பொருள் கண்டு, அதன் பின்னரே கணக்கைத் தொடங்க வேண்டியிருந்தது. இன்றுள்ள மாணவர்க்கு உரைநடையிலேயே கணக்குகள் கிடைத்துவிடுகின்றன. எனினும் பொருள் காணும் வேலை நீங்கிவிடவில்லை.

இனி, இயற்கணிதத்தின் உயிர்நிலை யாது என்பதைப் பார்ப்போம். எகிப்து நாட்டில் கி.மு. 1650 ஆம் ஆண்டளவில் அமெசு என்னும் எழுத்தர் ஒருவர் தமக்கு முற்பட்ட ஏடொன்றைப் பாப்பிரசுச் சுருளில் படியெடுத்தார். அச்சுருள் இன்று இலண்டனில் உள்ள பிரித்தானியப் பொருட்காட்சிச் சாலையில் இருக்கின்றது. அதில் உள்ள கணக்குகளுள் ஒன்று இது: ஒரு குவியலோடு அதன் ஏழில் ஒரு பங்கைச் சேர்த்தால் 19 ஆகும்; குவியல் எவ்வளவு? எகிப்தியர் இதற்கு விடை கண்ட முறை வியக்கத்தக்கது. குவியல் 7 என்று பொய்யாகவே வைத்துக்கொண்டனர். ஏழில் ஒரு பங்கு 1. இரண்டும் சேர 8. வேண்டுவதோ 19. எட்டைப் பத்தொன்பதாக்க எத்துணை மடங்கு பெருக்க வேண்டுமோ, அத்துணை மடங்கு ஏழையும் பெருக்கினர். பதினாறும் அதன்மேல் எட்டில் ஐந்து பங்கும் விடையாக வந்தது.

இம்முறை அழகியதே, ஆனால் எங்கும் செல்லாது. 'குவியலும் அதன் ஏழில் ஒரு பங்கும், அவற்றின்மேல் ஐந்தும் சேர்ந்து 19' என்று கணக்கைச் சிறிதே மாற்றினால், அப்பொய் நேராக உதவாது. வேறொரு வழி வேண்டும். அவ்வழிதான் தெரியாத எண்ணுக்கு ஒரு பெயர் இடுவது. இன்னதென்று அறியாதபோதும், அறிந்த எண்ணைப் போலவே அதனைக் கூட்டலாம், கழிக்கலாம், பெருக்கலாம். வழக்கு மன்றத்தில் குற்றவாளி யார் என்று தெரியாதபோதும், 'இதனைச் செய்தவன்' என்று குறித்து, அவனைப் பற்றி உறுதியாகத் தெரிந்த செய்திகளை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வருவர் அன்றோ? செய்திகள் போதிய அளவு சேர்ந்தபோது அவன் அகப்படுவான். எண்ணும் அவ்வாறே அகப்படும்.

வடமொழிக் கணித நூலார் இத்தெரியாத எண்ணை 'யாவத்தாவத்' என்றனர். 'எவ்வளவோ அவ்வளவு' என்பது அதன் பொருள். அச்சொல்லின் முதலெழுத்தாகிய 'யா' என்பதையே குறியாக எழுதினர். தெரியாத எண்கள் பலவாயின், கருமை, நீலம், மஞ்சள் என நிறங்களின் பெயர்களை இட்டனர். பிரெஞ்சு நாட்டு அறிஞர் தெக்கார்த்து 1637 ஆம் ஆண்டில் வெளியிட்ட வடிவகணித நூலில், தம் நெடுங்கணக்கின் இறுதி எழுத்துகளைத் தெரியாத எண்களுக்கு வழங்கினார். இன்றைய பாடநூல்களில் காணும் 'எக்ஸ்', 'ஒய்' என்பன அவ்வழக்கே. இப்பாடத்தில் 'யா' என்னும் எழுத்தையே கொள்வோம். பழந்தமிழிலும் 'யா' என்பது 'எவை' என்னும் பொருளில் வரும் வினாப்பெயர். இஃது எதிர்பாராது நேர்ந்த ஒற்றுமையே. ஆயினும் தெரியாததைக் குறிக்க இதனினும் பொருத்தமான எழுத்து கிடைப்பது அரிது. 'க' என்று எழுதினால், அது தமிழெண் ஒன்று போலத் தோன்றி மயக்கும்.

ஒரு கணக்கை முற்றும் செய்து பார்ப்போம். 'ஒரு தந்தையின் அகவை இப்பொழுது மகன் அகவையின் நான்கு மடங்கு. ஐந்து ஆண்டுகள் சென்றபின் மும்மடங்காக இருக்கும். இருவர் அகவை யாது?'

பல மாணவர் 'யா என்பது மகன்' என்று தொடங்குவர். இதுவே முதற்பிழை. மகன் எண் அல்லன். அவனுடைய அகவையே எண். 'அகவை' என்று மட்டும் எழுதினாலும் போதாது. எக்காலத்து அகவை? ஆகவே, 'மகனுடைய இப்பொழுதைய அகவை யா ஆண்டுகள்' என்று முழுவாக்கியமாக எழுதுதல் வேண்டும். இவ்வொரு வரியைச் சோம்பலால் விட்டவர் பின்னர் அரைப்பக்கம் எழுதியும் கரை காணார்.

மகனின் அகவை யா எனின், தந்தையின் அகவை 4யா. ஐந்து ஆண்டுகள் சென்றபின் மகனின் அகவை யா + 5. தந்தையின் அகவை அப்பொழுது எவ்வளவு? மகனின் நான்கு மடங்காகத் தந்தையைக் கருதிப் பழகிய மனம், 4(யா + 5) என்று எழுதத் துடிக்கும். ஆனால் ஓராண்டு செல்லும்போது தந்தைக்கும் ஓராண்டே கூடுகின்றது; நான்காண்டுகள் கூடுவதில்லை. எனவே அது 4யா + 5. இப்பொழுது இரண்டாம் வாக்கியத்தைச் சமன்பாடாக எழுதலாம்:

4யா + 5 = 3(யா + 5)

சிலர் இதனை 4யா + 5 = 3யா என்று எழுதுவர். ஐந்தாண்டுக்குப் பின்னுள்ள தந்தையின் அகவையை இன்றைய மகனின் அகவையோடு ஒப்பிட்டதால் வந்த பிழை இது. 'நாளை வந்தான்' என்று எழுதுவதைக் காலவழு என்று தமிழாசிரியர் சிவப்பு மையால் கோடிடுவார். இதுவும் காலவழுவே.

சமன்பாட்டின் நடுவே நிற்கும் இரு கோடுகளையும் சற்று நோக்குக. அவை ஒரு வாக்கியத்தின் பயனிலை போன்றவை. 'இதுவும் அதுவும் சமம்' என்று முடித்துச் சொல்லும் ஆற்றல் அவற்றுக்கே உண்டு. 4யா + 5 என்பது மட்டும் இருந்தால், அஃது எழுவாய் மட்டும் நின்ற தொடர்; அதற்கு விடை காண இயலாது. இக்குறியை முதன்முதலில் அச்சில் வழங்கியவர் ராபர்ட் ரெக்கார்டு என்னும் வேல்சு நாட்டு மருத்துவர், ஆண்டு 1557. ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளைக் காட்டிலும் சமமான பொருள் வேறு இராது என்று கருதி அவர் அவ்வடிவைக் கொண்டார். அதற்கு முன் சமம் என்பதைப் பெரும்பாலும் சொல்லாலேயே எழுதி வந்தனர். விடையைச் செய்துகொண்டே போகும்போது, 'அடுத்தது' என்னும் பொருளில் இக்குறியைக் கண்டவிடமெல்லாம் இடும் வழக்கம் மாணவரிடையே உண்டு. அது கைவிடத்தக்கது.

இனித் தீர்வு காணல். சமன்பாட்டைத் துலாக்கோலாக எண்ணுக. இரு தட்டுகளும் ஒத்து நிற்கின்றன. ஒரு தட்டில் எதனைச் செய்தாலும் மற்றத் தட்டிலும் அதனையே செய்தால் கோல் சாயாது. முதலில் அடைப்பை நீக்குவோம். மூன்று என்பது யாவையும் ஐந்தையும் ஒருங்கே பெருக்கும். ஆதலின் வலப்பக்கம் 3யா + 15 ஆகின்றது. 4யா + 5 = 3யா + 15. இரு தட்டுகளிலிருந்தும் 3யாவை எடுத்துவிடுக. யா + 5 = 15. இரு தட்டுகளிலிருந்தும் ஐந்தை எடுத்துவிடுக. யா = 10.

'பக்கம் மாறினால் குறி மாறும்' என்று ஒரு சூத்திரத்தை மாணவர் மனப்பாடம் செய்துள்ளனர். சூத்திரம் பொய்யன்று; ஆனால் காரணம் அறியாமல் கொண்டால் ஏமாற்றும். வேலியைத் தாண்டிய மாத்திரத்தில் ஓர் எண் தானே தன் குறியை மாற்றிக்கொள்வதில்லை. இருபுறமும் ஐந்தைக் கழித்தோம். இடப்புறத்தில் இருந்த ஐந்து மறைந்தது. வலப்புறத்தில் கழித்தல் தோன்றியது. நடந்தது இவ்வளவே. காரணம் தெரிந்தவர் 3யா = 15 என்பதற்கு விடை 12 என்று எழுதமாட்டார். மூன்று அங்கே கூட்டப்பட்டிருக்கவில்லை, பெருக்கப்பட்டிருக்கின்றது. ஆகவே இருபுறமும் மூன்றால் வகுத்தல் வேண்டும். ஒவ்வொரு வரியின் எதிரிலும் 'இவ்வரி எதனால் வந்தது?' என்று ஒரு சிறு காரணம் எழுதும் பழக்கத்தைச் சில திங்கள் மேற்கொண்டால், பின்னர் அக்காரணங்கள் எழுதாமலே மனத்தில் நிற்கும்.

பாக்தாது நகரில் 820 ஆம் ஆண்டளவில் அல்குவாரிசுமி என்னும் அறிஞர் எழுதிய அரபு நூல் இம்முறையை வகுத்துக் காட்டிய பெருநூலாகும். அதன் பெயரில் இரு செயல்கள் குறிக்கப்பட்டுள்ளன. கழிக்கப்பட்டு நிற்கும் உறுப்பை இருபுறமும் கூட்டி நிறைவாக்குவது 'அல்சபுரு'. இருபுறமும் உள்ள ஒத்த உறுப்புகளை ஒன்றுக்கொன்று ஈடாக நீக்குவது 'அல்முகாபலா'. முன்னைய சொல்லே திரிந்து, ஐரோப்பிய மொழிகளில் 'அல்ஜீப்ரா' ஆயிற்று. வியப்பு யாதெனின், அந்நூலில் ஒரு குறியேனும் இல்லை. கணக்கு, தீர்வு, விடை யாவும் சொற்களாலேயே எழுதப்பட்டன. இயற்கணிதம் மொழியிலிருந்து பிறந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

மகனின் அகவை 10, தந்தையின் அகவை 40 என்று விடை கண்டோம். சரிபார்த்தலை எங்கே செய்வது? சமன்பாட்டில் அன்று; வினாவின் வாக்கியத்தில். சமன்பாட்டையே தவறாக எழுதியிருந்தால், தவறான விடை அத்தவறான சமன்பாட்டோடு நன்றாகப் பொருந்திவிடும். எனவே வினாவை மீண்டும் படிக்க. பத்தின் நான்கு மடங்கு நாற்பது, சரி. ஐந்தாண்டு சென்றபின் 15, 45, பதினைந்தின் மும்மடங்கு நாற்பத்தைந்து, சரி.

படித்தவரும் வாக்கியத்தில் இடறுவர் என்பதை அமெரிக்க நாட்டில் நடந்த ஆய்வொன்று காட்டியது. 'ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரைப் போல ஆறு மடங்கு மாணவர் உள்ளனர். இதனைச் சமன்பாடாக எழுதுக' என்னும் எளிய வினாவைப் பொறியியல் முதலாண்டு மாணவரிடம் கொடுத்தனர். 1981 ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் முடிவின்படி, மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்பட்டோர் தவறாக எழுதினர். மாணவர் எண்ணிக்கை மா, பேராசிரியர் எண்ணிக்கை பே என்று கொண்டால், பலர் 6மா = பே என்று எழுதிவிட்டனர். 'ஆறு மாணவர்க்கு ஒரு பேராசிரியர்' என்று மனத்தில் தோன்றிய படத்தை அப்படியே எழுதியதன் விளைவு இது. மா என்பதை மாணவர் என்று படித்தனர். மாணவரின் எண்ணிக்கை என்று படிக்கவில்லை. பேராசிரியர் பத்துப் பேர் என்று வைத்துப் பார்த்திருந்தால், மாணவர் அறுபதின்மர் என்பது உடனே தெரிந்திருக்கும். 6மா என்பது 360 ஆகிவிட, பிழை தானே வெளிப்பட்டிருக்கும். சிறியவர் எண்ணிக்கையைப் பெருக்கினாலன்றிப் பெரியது வாராது; ஆதலின் மா = 6பே என்பதே சரி. 'பேராசிரியர் எண்ணிக்கையின் ஆறு மடங்கு மாணவர் எண்ணிக்கை' என்று தமிழில் முழுமையாகச் சொல்லிப் பார்த்தால், சொல்லின் முறையே சமன்பாட்டின் முறையாகவும் அமைந்துவிடுகின்றது.

நீண்ட கணக்குகளைக் கண்டு மலைக்க வேண்டுவதில்லை என்பதற்கு ஒரு புகழ்பெற்ற விடுகதையைச் சான்றாகக் காட்டலாம். பண்டை அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தியோபாந்தர் என்னும் கணித அறிஞரின் கல்லறைப் பாட்டு என்று கிரேக்கத் தொகைநூல் ஒன்றில் இது வருகின்றது. அவர் தம் ஆயுளின் ஆறில் ஒரு பங்கைச் சிறுவராகக் கழித்தார். பின்னும் பன்னிரண்டில் ஒரு பங்கு சென்றபின் தாடி அரும்பிற்று. மேலும் ஏழில் ஒரு பங்கு சென்றபின் மணம் புரிந்தார். ஐந்தாண்டு கழிந்து மகன் பிறந்தான். அம்மகன் தந்தையின் ஆயுளில் பாதி அளவே வாழ்ந்து இறந்தான். துயருற்ற தந்தை நான்காண்டு உயிரோடிருந்து மறைந்தார். அவர் வாழ்ந்த ஆண்டுகள் எத்துணை?

இங்கே வாக்கியங்கள் பல; ஆனால் பொருள் ஒன்றே. வாழ்நாளின் பகுதிகள் எல்லாம் சேர்ந்தால் வாழ்நாள் ஆகும். இதனைக் கண்டுகொண்டால் பாதி வேலை முடிந்தது. வாழ்நாள் யா ஆண்டுகள் என்க.

யா/6 + யா/12 + யா/7 + 5 + யா/2 + 4 = யா

மகன் வாழ்ந்த ஆண்டுகளைத் தந்தையின் கணக்கில் ஏன் சேர்த்தோம் என்று ஒரு கேள்வி எழலாம். அவ்வாண்டுகள் தந்தையின் வாழ்நாளிலும் கழிந்தவையே. இவ்வுறுப்பை விட்டுவிடுவோர் கணக்கில் தவறவில்லை; கதையில் தவறினர்.

6, 12, 7, 2 ஆகிய நான்கும் மீதியின்றி வகுக்கும் சிற்றெண் 84. சமன்பாட்டின் ஒவ்வோர் உறுப்பையும் 84 ஆல் பெருக்கினால் பின்னங்கள் நீங்கும். 14யா + 7யா + 12யா + 420 + 42யா + 336 = 84யா. ஒத்தவற்றைச் சேர்க்க, 75யா + 756 = 84யா. இருபுறமும் 75யா நீக்க, 756 = 9யா. யா = 84.

ஒவ்வோர் உறுப்பையும் என்று சொன்னதை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். பின்னங்களை மட்டும் பெருக்கிவிட்டு, ஐந்தையும் நான்கையும் அப்படியே விட்டுவிடுவது மாணவரிடையே மிகுதியாகக் காணும் பிழை. அவ்வாறு செய்தால் 75யா + 9 = 84யா என்றாகி, யா = 1 என்று விடை வரும். பிறந்து ஓராண்டிற்குள் தாடி வளர்த்து, மணம் புரிந்து, மகனையும் இழந்து மறைந்த ஓர் அறிஞர் அப்பொழுது நமக்குக் கிடைப்பார். இத்தகைய விடையை எழுதி, அதன்கீழ் இருகோடு இட்டுத் தாளைக் கொடுத்துவிட்டு வரும் மாணவரும் உளர். விடையைக் கதையோடு ஒட்டிப் பார்க்க ஒரு நொடியே போதும். 84 இல் ஆறில் ஒரு பங்கு 14. பன்னிரண்டில் ஒரு பங்கு 7. ஏழில் ஒரு பங்கு 12. ஆக 33 ஆம் அகவையில் மணம். 38 ஆம் அகவையில் மகன். மகன் வாழ்ந்தது 42 ஆண்டு. அப்பொழுது தந்தைக்கு 80. மேலும் நான்கு, 84.

பன்னிரண்டாலும் ஏழாலும் வகுபடும் அகவை 84 தானே என்று ஊகித்து ஒரே வரியில் விடை சொல்வோரும் உண்டு. கூர்மை பாராட்டத்தக்கதே. ஆனால் பங்குகள் யாவும் முழு ஆண்டுகளாகவே இருக்கும் என்று பாட்டில் எங்கும் சொல்லவில்லை. எகிப்தியர் குவியலில் எட்டில் ஐந்து பங்கு வந்ததை நினைவு கூர்க.

தெரியாத எண் தன்னாலேயே பெருக்கப்படும் கணக்குகளில் எச்சரிக்கை இன்னும் மிகுதியாக வேண்டும். 'ஓர் எண்ணின் வர்க்கம் அவ்வெண்ணின் ஐந்து மடங்குக்குச் சமம்' என்றால், யா² = 5யா. இருபுறமும் யாவால் வகுத்து, 5 என்று விடை எழுதிவிடுவர். ஆனால் சுழியமும் இவ்வினாவுக்கு விடையாகும். யா சுழியமாக இருக்கக்கூடுமாயின் அதனால் வகுத்தல் ஆகாது. வகுத்தவுடன் ஒரு விடை சொல்லாமலே ஓடிவிடுகின்றது. யா² − 5யா = 0 என்று ஒருபுறமாக்கி, யா(யா − 5) = 0 என எழுதுவதே நேர்வழி. இரு எண்களின் பெருக்கம் சுழியமாயின், அவற்றுள் ஒன்றேனும் சுழியமாதல் வேண்டும்.

அல்குவாரிசுமி கொடுத்த கணக்கொன்றைப் படமாகவே காணலாம்: யா² + 10யா = 39. பக்கம் யா அளவுள்ள ஒரு சதுரத்தை வரைக. பத்து யாவை இரண்டாகப் பகுத்து, ஐந்து அகலமும் யா நீளமும் உள்ள இரண்டு பட்டைகளாக்கி, ஒன்றைச் சதுரத்தின் வலப்புறத்திலும் மற்றொன்றைக் கீழ்ப்புறத்திலும் ஒட்டுக. இப்பொழுது மொத்தப் பரப்பு 39. ஆனால் வடிவம் நிறைவுறவில்லை. மூலையில் ஐந்துக்கு ஐந்து ஒரு கட்டம் வெறுமையாக உள்ளது. அதன் பரப்பு 25. அதனை இட்டு நிரப்பினால் 39 + 25 = 64; முழுச்சதுரத்தின் பக்கம் 8. அப்பக்கம் யா + 5 ஆதலின், யா = 3. வர்க்கநிறைவு என்று பாடநூல் கூறுவது இம்மூலையை நிரப்பும் செயலே. −13 என்னும் எண்ணும் இச்சமன்பாட்டுக்குப் பொருந்தும். ஆயினும் சதுரத்தின் பக்கம் கடனாக இருத்தல் இயலாது. அவர் அதனைக் கொள்ளவில்லை. கூட்டெண்ணைத் தனம் என்றும், கழித்தலெண்ணைக் கடன் என்றும் கொண்டு அவற்றுக்கு விதி வகுத்தவர் நம் நாட்டுப் பிரமகுப்தர். அவர் நூல் எழுதிய ஆண்டு 628.

சமன்பாடு தரும் விடைகளுள் எதனை ஏற்பது, எதனை விலக்குவது என்பதைப் பாஸ்கராசாரியர் தம் பீசகணிதத்தில் இரண்டு குரங்குக் கணக்குகளால் விளக்கியுள்ளார். ஒரு கூட்டத்தின் எட்டில் ஒரு பங்கின் வர்க்க அளவான குரங்குகள் சோலையில் விளையாடின. மிஞ்சிய பன்னிரண்டு குன்றின்மேல் இருந்தன. (யா/8)² + 12 = யா. இருபுறமும் 64 ஆல் பெருக்கி ஒருபுறமாக்க, யா² − 64யா + 768 = 0; அதாவது (யா − 48)(யா − 16) = 0. நாற்பத்தெட்டு எனின், எட்டில் ஒரு பங்கு 6, அதன் வர்க்கம் 36, பன்னிரண்டு சேர 48. பதினாறு எனின், எட்டில் ஒரு பங்கு 2, அதன் வர்க்கம் 4, பன்னிரண்டு சேர 16. இரண்டும் கதையோடு பொருந்துகின்றன, இரண்டும் விடைகளே.

மற்றொரு கூட்டத்தில், ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றைக் கழித்து வர்க்கித்த அளவான குரங்குகள் குகைக்குள் சென்றன. ஒன்று மட்டும் மரக்கிளையில் காணப்பட்டது. (யா/5 − 3)² + 1 = யா. இருபுறமும் 25 ஆல் பெருக்கி ஒழுங்குபடுத்த, யா² − 55யா + 250 = 0; (யா − 50)(யா − 5) = 0. ஐம்பது எனின், ஐந்தில் ஒரு பங்கு 10, மூன்றைக் கழிக்க 7, வர்க்கம் 49, கிளையில் உள்ளதைச் சேர்க்க 50. ஐந்து எனின், ஐந்தில் ஒரு பங்கு ஒரே குரங்கு. அவ்வொன்றிலிருந்து மூன்றைக் கழிப்பது எங்ஙனம்? ஏட்டில் அது −2 ஆகி, வர்க்கம் 4 ஆகி, ஒன்றைச் சேர்க்க 5 என்று சமன்பாட்டோடு பொருந்தவே செய்கின்றது. காட்டில் அவ்வாறு ஒரு கூட்டம் இல்லை. பாஸ்கராசாரியர் ஐம்பதைக் கொண்டு, ஐந்தை விலக்கினார்.